முக்காடு கலைந்த பீப்பாய்

பாஸ்தியான் அன்று காலையில் மூன்றாவது முறையாக விறகு பிளக்கப் போனான். அடுப்புக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இடுப்பளவுக்கு விறகு அடுக்கியாகிவிட்டது. ஜனவரிக் குளிர்தான், பனி முழங்கால் வரை கிடக்கிறதுதான், அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவு விறகா? மனுஷனுக்கு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். உட்கார்ந்தால் பெண்டாட்டி ஒதீலின் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அதைச் சொல்வதற்கு வாயைத் திறப்பதும், வேறு எதையோ கேட்டுவிட்டு மூடிக்கொள்வதுமாக இரண்டு நாள் ஓடிவிட்டது. நேற்று ராத்திரி சாப்பாட்டில் மூன்று தடவை உப்பு கேட்டான். உப்பு அவன் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"வீட்டையே கொளுத்தப் போறியா?" ஒதீல் சமையலறை ஜன்னலைத் திறந்து கத்தினாள். "கோடாலிய வெச்சிட்டு வந்து வால்நட்ட உடை. பன்னெண்டு மணிக்கெல்லாம் மனுஷன் வந்துருவார்."

வரப்போகிற மனுஷன் ரபுயேல். லியோன் நகரத்தில் பெரிய உணவகம் வைத்திருப்பவர். குளிர்காலம் வந்தால் அவர் கடையில் கோழியும் மோரல் காளானும் க்ரீமில் வெந்து வரும், பக்கத்தில் எங்கள் ஜூரா மலைப்பக்கத்து மஞ்சள் ஒயின் ஒரு கிளாஸ். வருஷத்துக்கு ஒரே ஒரு பீப்பாயைத்தான் தேர்ந்தெடுப்பார். இந்த வருஷம் ஒதீலின் வீட்டில்தான் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டார். எந்தப் பீப்பாய் என்பதுதான் பாக்கி. நிலவறையில் இருக்கிற மஞ்சள் ஒயின் பீப்பாயோ இரண்டு. ஒன்று ஒதீலுடையது, இன்னொன்று அவள் அண்ணன் கிஸ்லேனுடையது. ஒரே தோட்டத்துச் சவாஞான் திராட்சை, ஒரே நாளில் பிழிந்த சாறு. ஆறு வருஷம் மூன்று மாசத்துக்கு முன்னால் அவள் தனியாக ஒரு பீப்பாய் கேட்டபோது கிஸ்லேன் சிரித்த சிரிப்பு ஊர் முழுக்கக் கேட்டது. "ஒனக்கா? ரெண்டு வருஷத்துல வினிகராயிடும். சரி போ, சாலட்டுக்காவது ஆகும்" என்றான். அன்றிலிருந்து அந்தப் பீப்பாய்க்கு அவன் வைத்த பெயர் சாலட். பார்க்கும்போதெல்லாம் "ஒன் சாலட் எப்படி இருக்கு?" என்பான். ஒதீல் பதில் சொல்ல மாட்டாள். தனக்கென்று அவள் செய்த முதல் ஒயின் அது. பதில் அந்தப் பீப்பாய்க்குள் இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

மற்ற ஊர்களில் பீப்பாயில் ஒயின் குறைந்தால் உடனே நிரப்பிவிடுவார்கள். காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்ற பயம். மஞ்சள் ஒயினுக்கு மட்டும் நாங்கள் நிரப்ப மாட்டோம். குறையட்டும் என்று விட்டுவிடுவோம். ஒயின் மேல் பால் ஏடு மாதிரி ஒரு மெல்லிய படலம் தானாகப் படியும். அதை நாங்கள் முக்காடு என்போம். அந்த முக்காட்டுக்கு அடியில் ஆறு வருஷத்துக்கு மேல் அது கிடக்க வேண்டும். தக்கையைத் திறக்கக் கூடாது, அசைக்கக் கூடாது. ருசி பார்க்க வேண்டுமென்றால் பீப்பாயின் முகத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து ஒரு வாய் பிடித்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் ஊற்றி வைத்தால் கடைசியில் அறுநூற்று இருபது மில்லிதான் மிஞ்சும். போனது போகட்டும், மிஞ்சியதற்கு ஈடு கிடையாது. முக்காட்டில் இருக்கிற பீப்பாய் என்பதற்கு அடையாளமாக, முக்காட்டுக்கு எங்கள் பாஷையில் இருக்கிற வார்த்தையின் முதல் எழுத்தைச் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைப்போம். 'வி'.

பாஸ்தியான் பக்கத்து ஒயின் சீமையான பர்கண்டியைச் சேர்ந்தவன். நாற்பத்தாறு வயதில், போன கோடையில், ஒதீலைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தான். அதற்கு முன்னால் இருபத்து நான்கு வருஷம் அங்கே ஒரு நிலவறையில் வேலை. அங்கேயும் பீப்பாயில் 'வி' எழுதுவார்கள். அங்கே அதற்கு அர்த்தம் வேறு. குறை விழுந்திருக்கிறது, நிரப்பு. எழுத்து ஒன்றுதான், வார்த்தைதான் வேறு. இது அவனுக்குத் தெரியாததா? வந்த முதல் நாளே ஒதீல் சொல்லிக் கொடுத்தாள், இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மற்ற வெள்ளை ஒயின் பீப்பாய்களுக்கெல்லாம் வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்தான். காலையில் பழைய முதலாளி ஃபோன் பண்ணியிருந்தார். "அங்க போயி என்னத்தப்பா பண்ற? மச்சான் வீட்டு எடுபிடி வேலையா? வந்துரு, ஒன் எடம் அப்படியே இருக்கு" என்றார். அந்தப் பேச்சு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கிஸ்லேன் தன்னை 'பர்கண்டி மாப்பிள்ளை' என்று கூப்பிடுகிற தினுசு, ஒயின் பிடிக்கிற இடத்தில் தனக்கு ஒரு யோசனை சொல்லக்கூட இடமில்லாதது, எல்லாம் சேர்ந்து ஓடியது. கடைசிப் பீப்பாய்க்கு வந்தான். 'வி' என்று இருந்தது. சுத்தியலால் தட்டித் தக்கையை எடுத்தான், புது ஒயின் கேனைக் கவிழ்த்தான். பர்கண்டியில் ஒரு பீப்பாய் ஒரு லிட்டர் குடிக்கும், மிஞ்சிப் போனால் இரண்டு. இது பத்து லிட்டர் கேன் முழுவதையும் குடித்தது. அடுத்த கேன் பாதியில்தான் கையை நிறுத்தினான். விளக்கைத் தக்கைத் துளைக்குள் காட்டிப் பார்த்தான். வெள்ளைப் படலம் கிழிந்து, துண்டு துண்டாகச் சுற்றிக்கொண்டே அடியில் போய்க்கொண்டிருந்தது. அது ஒதீலின் பீப்பாய். ஆறு வருஷம் மூன்று மாசம். அடப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து தக்கையை அடித்து மூடினான். மூடினது தப்பு. அப்போதே மேலே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

கிஸ்லேன் பதினொன்றரைக்கே வந்துவிட்டான். பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் உதறிக்கொண்டே, "என்ன மாப்ள, வால்நட்டோட மல்லுக்கட்டறியா? உங்க ஊர்ல இதெல்லாம் கெடையாதோ?" என்றான். பாஸ்தியான் ஒரு கொட்டையை உடைத்ததில் பருப்பு தூளாகிவிட்டது. அதற்குப் பின்னாலேயே ரபுயேலின் கார் வந்தது. பெரிய உடம்பு, சின்னக் குரல். சமையலறைக்குள் வந்ததும் சட்டியின் மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். ஒதீல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். லியோன் சமையல்காரருக்கே கோழி சமைத்துப் போடுவது என்றால் சும்மாவா?

"காளான ஊறவெச்ச தண்ணிய ஊத்திட்டீங்களா, கீழ கொட்டிட்டீங்களா?" என்று கேட்டார்.

"வடிகட்டி ஊத்திட்டேங்க."

"அப்ப சரி" என்று மூடியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவளுக்கு மூச்சு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் பாஸ்தியான் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், அதைப் பார்த்துவிட்டு எந்தப் புருஷன் வாயைத் திறப்பான்?

"நான் போய் ஒயின் பிடிச்சிட்டு வர்றேன்" என்றாள்.

"நீ இரு. நான் போறேன்." குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

நிலவறையில் இரண்டு ஜாடிகளோடு நின்றான். கிஸ்லேனின் பீப்பாயில் முதல் ஜாடியைப் பிடித்தான். பிறகு ஒதீலின் பீப்பாய்க்கு முன்னால் குனிந்து, திருகில் கையை வைத்து, எடுத்தான். ஒரு சொட்டு கூட நாக்கில் வைத்துப் பார்க்கத் தைரியமில்லை. அண்ணன் பீப்பாய்க்கே திரும்பிப் போய் இரண்டாவது ஜாடியையும் அதிலேயே நிரப்பினான். இன்றைக்கு ஒரு நாள் தப்பித்தால் போதும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம்.

முதல் ஜாடியை மேஜையில் வைத்து, "இது கிஸ்லேனோடது" என்றான். இரண்டு வருஷம் பழுத்த கொம்தே சீஸை ஒதீல் தடிமனாக வெட்டி வைத்தாள், கூடவே வால்நட். ரபுயேல் ஒரு வாய் குடித்தார், ஒரு துண்டு சீஸ் தின்றார், மறுபடி குடித்தார். கிஸ்லேன் கண்ணை மூடிக்கொண்டு, "பச்சை வால்நட் தோலு, அப்புறம் கடசில ஒரு உப்பு. கேக்குதா?" என்று தன் ஒயினுக்குத் தானே சாட்சி சொன்னான்.

அடுத்து கோழி வந்தது. மஞ்சள் படிந்த க்ரீம், அதில் கறுப்பாக மோரல்கள், ஆவி. இரண்டாவது ஜாடியை ஊற்றும்போது பாஸ்தியான் மேஜைத் துணியில் கொஞ்சம் சிந்திவிட்டான். "இது ஒதீலோடது."

ரபுயேல் கோழியை மென்றார், ஒயினைக் குடித்தார், காளானை மட்டும் தனியாக எடுத்துத் தின்று இன்னொரு வாய் குடித்தார். அவர் முகம் இளகியது. கிஸ்லேன் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான், உறிஞ்சினான், உதட்டைப் பிதுக்கினான்.

"மோசம்னு சொல்ல மாட்டேன். நல்லாத்தான் வந்திருக்கு தங்கச்சி. ஆனா ஒல்லி. நடுவுல ஆளில்ல. முழுங்கினதும் ஓடிப்போயிடுது. பொம்பள கை அவசரம், என்ன பண்றது?"

தன் ஒயினுக்குத்தான் இந்தப் பழி என்று அவனுக்குத் தெரியாது. வேறொரு நாளாக இருந்திருந்தால் பாஸ்தியான் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

"நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் ரபுயேல் சின்னக் குரலில். "மொதல்ல குடிச்சது நல்ல ஒயின்தான். இது கோழியோட பேசுது. எனக்கு இதான் வேணும். ஒதீலோட பீப்பாய நான் எடுத்துக்கறேன்."

ஆறு வருஷம் அவள் காத்திருந்த வார்த்தை. கிஸ்லேனின் முகம் தொங்கிவிட்டது. ஒதீல் அப்போதுதான் தன் கிளாஸை எடுத்தாள், அதுவரை பயத்தில் குடிக்கவே இல்லை. ஒரு வாய் குடித்தாள். கிளாஸைக் கீழே வைக்காமல் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இன்னொரு வாய். அவள் பீப்பாயில் வெந்தய வாசனை வரும், மூன்றாவது வருஷத்திலிருந்து வருகிறது. அவள் கனவில்கூட அதைக் கண்டுபிடிப்பாள்.

கிளாஸுக்கு மேலாகப் புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சும்மா இருந்திருக்கலாம். கோழியை எடுத்து வைத்திருக்கலாம், நன்றி சொல்லியிருக்கலாம். பாஸ்தியான் அதைத்தான் சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தான்.

"இது என்னோடது இல்ல" என்றாள். "அண்ணனோடது. ரெண்டு ஜாடியும் அண்ணனோடதுதான்."

கிஸ்லேன் முழித்தான். தான் சொன்னதெல்லாம் அவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது போல, கழுத்திலிருந்து காதுவரை சிவந்தான். ரபுயேல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஒதீல் எழுந்து நிலவறைப் படியில் இறங்கினாள். பாஸ்தியான் பின்னாலேயே போனான்.

கீழே போனதும், "என்ன பண்ணுன?" என்றாள்.

"நிரப்பிட்டேன்." இரண்டு நாளாக வராத வார்த்தை இவ்வளவு சின்னதாக இருந்தது. "வெள்ளிக்கெழம. ஒண்ணரை கேன். 'வி'யப் பாத்தேன், கை அதுபாட்டுக்குப் போயிடுச்சு. ஒதீல், சத்தியமா தெரிஞ்சு செய்யல. நான்..."

அவள் பீப்பாயின் பக்கவாட்டில் கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை.

"ஆறு வருஷம் நான் என்ன வேலை செஞ்சேன் தெரியுமா இதுக்கு?" என்றாள். "ஒண்ணும் செய்யல. தொடாம இருந்தேன். அதான் வேலை. அப்பா செத்தன்னைக்கு இங்க வந்து ஒக்காந்து அழுதேன், அன்னைக்கும் தொடல. ஒனக்கு ஒரு பனிக்காலம் கைய வெச்சிட்டு சும்மா இருக்க முடியல."

"முடியலதான்."

"அதக்கூட விடு. கை தப்பு. கைக்குப் பழக்கம், நான் புரிஞ்சுப்பேன், நாலு நாள் பேசாம இருந்துட்டுப் பேசுவேன்." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஆனா ரெண்டாவது ஜாடிய நெரப்பினியே, அது கை இல்ல. அவன் ஒயினக் கொண்டுவந்து என் பேரச் சொல்லி ஊத்துன. நான் ஜெயிச்சேன்னு ஒரு நிமிஷம் நம்பிட்டேன் பாஸ்தியான்."

ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. விளக்கைத் தூக்கிப் பிடிக்கவா, ஜாடியைக் கழுவவா, தரையைத் துடைக்கவா? கைகள் இரண்டும் அலைந்தன. கடைசியில் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

ஒதீல் ஜாடியை எடுத்தாள். தன் பீப்பாயின் திருகைத் திறந்து அதை நிரப்பினாள். ஒயின் கொஞ்சம் கலங்கலாக வந்தது. அவள் முகர்ந்து பார்க்கவில்லை, ருசி பார்க்கவும் இல்லை. திருகை மூடிவிட்டு, ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டான்.

அவள் திரும்பவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாள்.

கீழ்ப்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவன் நின்றான். மேலே அவள் குரல் கேட்டது. "இதான் என்னோடது. முக்காடு கலஞ்சிருச்சு, புது ஒயின் கலந்திருக்கு. இனிமே இத மஞ்சள் ஒயின்னு நான் விக்க முடியாது, நீங்களும் வாங்க முடியாது. இருந்தாலும் இதுதான் என்னோடது. குடிச்சுப் பாருங்க."

பிறகு ஊற்றும் சத்தம் வந்தது. ஒரு கிளாஸ், அது ரபுயேலுக்கு. இன்னொன்று, கிஸ்லேனுக்கு. மூன்றாவது அவளுக்காக இருக்கும். ஜாடியைக் கீழே வைக்கிற சத்தத்துக்காக அவன் காத்திருந்தான். அது வரவில்லை. நாலாவது கிளாஸிலும் ஒயின் விழுந்தது, மெதுவாக, விளிம்பு வரைக்கும்.