சேம் சைடு கோல்

பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறைக்கு இரும்புப் படி ஏறி வந்த மனிதர் கதவைத் தட்டாமல் வெளியே நின்றுகொண்டிருந்தார். அவள் மைக்கை அணைக்கக் காத்திருக்கிறார் என்பது கண்ணாடி வழியே தெரிந்தது. நாலேகால் வண்டி ஆறாவது நடைமேடைக்குப் பதிலாக இரண்டாவதிலிருந்து புறப்படும் என்று இருமுறை சொல்லிவிட்டுப் பொத்தானை அணைத்தாள். கீழே ஆறாவது நடைமேடையில் நின்ற கூட்டம் பைகளையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு இரண்டாவதை நோக்கி நகர்ந்தது. பதினாறு வருடமாக அவள் பார்க்கிற காட்சிதான். வந்தவருக்கு அது புதிதாக இருந்தது போல, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிதாக ஆரம்பித்த கால்பந்து கிளப்பின் மேலாளர் அவர். ஓட்டுத் தொழிற்சாலை முதலாளி ஒருவர் தொழில்முறை லீக்கில் ஓர் இடம் வாங்கியிருக்கிறார் என்பதும், நகராட்சி மைதானத்துக்குப் புதுப் புல் போட்டு மூன்று பக்கம் இருக்கை கட்டுகிறார்கள் என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அறிவிப்பாளர் வேலைக்கு வானொலியில் பேசுகிற ஒருவரை வைத்துப் பார்த்தார்களாம். குழைந்து குழைந்து பேசியதில் அவர் சொன்னது ஒருவருக்கும் விளங்கவில்லை.

"நீங்க பேசினா ஊரே எந்திரிக்குது மேடம்," என்றார் மேலாளர்.

"பஸ் வந்துடுச்சுன்னு எந்திரிக்கிறாங்க. எனக்காக இல்ல."

அவர் சிரித்தார். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வந்தால் போதும் என்றார். அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். "உங்க டீம்ல மூணாம் நம்பர் என் தம்பி. பின்னாடி தெரிஞ்சு சங்கடப்படக்கூடாது, பாருங்க."

மேலாளர் ஒரு கணம் யோசித்து, "குச்சியா?" என்றார். "அவர் ஆடுறதே சந்தேகம்தான் மேடம். ஒண்ணும் பிரச்சனை இல்ல."

ஒட்டடைக்குச்சி என்பதுதான் முழுப் பட்டம். பன்னிரண்டு வயதில் ஒரே வருடத்தில் ஒரு முழம் வளர்ந்தபோது தெருப் பிள்ளைகள் வைத்தது. நாளாவட்டத்தில் ஒட்டடை உதிர்ந்து குச்சி மட்டும் நின்றது. சட்டையின் முதுகில் என்ன பெயர் அச்சடிக்க என்று கிளப்பில் கேட்டபோது அதையே சொல்லிவிட்டான். வீரர்களில் நான்கு பேராவது உள்ளூர்க்காரர்களாக இருக்கவேண்டும் என்று லீக்கில் ஒரு விதி. அந்த நான்கு பேரில் கடைசியாக எடுக்கப்பட்டவன் அவன். வயது முப்பத்தொன்று. மற்ற மூவருக்கும் இருபது தாண்டவில்லை.

அதுவரை அவன் குடிநீர் வாரியத்தில் ஃபிட்டர். ஒன்பது வருட நிரந்தர வேலை. அதே வாரியத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, ஓய்வுக்கு முந்தின வருடம் முழுக்கப் பெரிய அதிகாரிகளின் வாசலில் நின்று வாங்கிக் கொடுத்தது. மாலை ஐந்து மணிக்குக் குழாய் ஸ்பானரைப் பையில் போட்டுவிட்டு, உள்ளூர் அணிகளுக்காகச் சரளைக்கல் மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தான். கிளப் ஒரு வருட ஒப்பந்தத்தை நீட்டியதும் மூன்று நாள் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து அக்காவிடம் சொன்னான். "ஒரு தடவை அக்கா. நான் நிஜமாவே ஆட்டக்காரன்தானா, இல்ல சும்மா குழாய் மாட்டுறவன் சாயங்காலம் ஓடுறதான்னு எனக்குத் தெரியணும்."

அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் அடுத்த வாரமே ஒரு தட்டு பழத்தோடு வந்து, ஜாதகம் ஒத்துவரவில்லை என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தட்டை அப்பா கையில்தான் கொடுத்தார்கள். அன்றோடு அப்பா மகனிடம் பேசுவதை நிறுத்தினார். மூன்று பேர் மட்டும் இருக்கிற வீடு. அம்மா போய் இருபத்தைந்து வருடம். ஆக, எல்லாச் செய்தியும் அக்கா வழியாகத்தான் போய்வந்தது.

"அறுபது வயசு வரைக்கும் சம்பளம் வர்ற வேலைய விட்டுட்டு, முப்பத்தஞ்சுல முழங்கால் போற வேலைக்குப் போறானாம். என்ன கணக்குன்னு கேளு அவனை," என்பார் அப்பா. அவன் இரண்டடி தள்ளி நின்று தலை துவட்டிக்கொண்டிருப்பான். "சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு." "கதவைச் சாத்திட்டுப் போகச் சொல்லு." பேருந்து நிலையத்தில் எட்டு மணி நேரம், வீட்டில் மிச்ச நேரம் என்று அவளுக்கு ஓயாத அறிவிப்பு வேலையாகிவிட்டது. சில சமயம் அலுத்துப்போய், "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தாள். பலனில்லை.

முதல் ஆட்டம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. காலையில் மழை பெய்து வெளுத்திருந்தது. வீட்டுக்கு என்று கிளப் கொடுத்த நுழைவுச் சீட்டை அப்பாவின் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, மறுபடி அங்கேயே வைத்தார். "எனக்கு அவ்வளவு நேரம் உக்கார முடியாது." மைதானத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்தில்தான் வீடு. அங்கே விசில் ஊதினாலே சமையலறையில் கேட்கும். "வந்து பார்க்காட்டி என்ன, என் சத்தம் இங்க கேக்கத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

இருக்கைகளின் உச்சியில், தகரக் கூரையின் கீழ், ஒரு மேசை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. மேலாளர் வீரர்களின் பட்டியலை நீட்டினார். மூன்றாம் எண்ணுக்கு நேராக மாற்று ஆள் என்று அச்சாகியிருந்ததைப் பேனாவால் அடித்து, முதல் பதினொருவரில் சேர்த்திருந்தார்கள். பின்வரிசையின் நடுவில் தடுத்து ஆடவேண்டிய வெளிநாட்டு வீரருக்கு நேற்றிலிருந்து கடும் காய்ச்சலாம். தண்ணீர் குடித்துவிட்டு, பெயர்களை ஒன்றிலிருந்து வாசித்தாள். தம்பி என்று குரலைக் கூட்டிவிடக்கூடாது, கூச்சத்தில் குறைத்துவிடவும் கூடாது. "மூன்றாம் எண், குச்சி." ஐயாயிரம் பேர் இருந்த மைதானத்தில் குடிநீர் வாரியத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து ஒரு பெரிய இரைச்சல் கிளம்பியது. கூடவே நிறையச் சிரிப்பும். பெயர் அப்படி.

அவன் நன்றாகவே ஆடினான். பந்து வருமுன்பே அது வரும் இடத்தில் போய் நிற்பது அவனுடைய வழக்கம். ஓடி விளையாடுகிறவர்களைப் பார்க்க வந்தவர்களுக்கு அது கண்ணில் படாது. எதிரணியின் குட்டையான முன்வரிசைக்காரன் ஒருவன் முதல் பாதி முழுக்க அவனைத் தாண்டப் பார்த்துத் தாண்ட முடியாமல் நடுவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தான். இடைவேளையில் கோல் ஏதும் இல்லை. மேலாளர் அவளிடம் வந்து, "உங்க தம்பி தேவலையே மேடம்," என்றார். அவள் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டாள்.

எழுபத்தோராவது நிமிடத்தில் இடது ஓரத்திலிருந்து பந்து தாழ்வாக உள்ளே வந்தது. பெரிய அபாயம் ஒன்றும் இல்லை. கோல்கீப்பர் பிடிக்கத் தயாராகத்தான் நின்றார். குச்சி காலை நீட்டினான். ஈரப்புல்லில் ஊன்றிய கால் ஒரு விரற்கடை வழுக்கியது. பந்து முழங்கால் எலும்பில் பட்டு, எதிர்ப்பக்கம் பாய்ந்துவிட்ட கோல்கீப்பரின் பூட்ஸைத் தாண்டி, அவசரமே இல்லாமல் உருண்டு கோட்டைக் கடந்தது. வலை அசையக்கூட இல்லை.

மைதானம் அமைதியானது. அடித்தவர் யார் என்று பின்வரிசைகளில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் தலையைத் திருப்பி ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். நடைமேடை எண்ணைக் கேட்க நிற்பதுபோல. கோல் விழுந்தால் நிமிடமும் எண்ணும் பெயரும் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. மேலாளர் அவள் காதருகே குனிந்தார்.

"பேர் வேண்டாம் மேடம். எதிரணி கோல்னு சொல்லி முடிச்சிடுங்க. யாரும் கேக்கப்போறதில்ல."

"எதிரணி அடிக்கலையே."

"இருந்தாலும், தம்பியாச்சே."

ஏழு வருடத்துக்கு முன் மலைப்பாதையில் ஒரு பேருந்து கவிழ்ந்தது. நிலைய அதிகாரி, கலவரம் வேண்டாம், 'தாமதம்' என்று மட்டும் சொல்லம்மா என்றார். மூன்று முறை அப்படியே சொன்னாள். கையில் குடையோடு ஓர் அம்மாள் படியேறி வந்து, எவ்வளவு நேரம் தாமதம் என்று கேட்டாள். மழை வருகிறது, அதில் வருகிற மகனிடம் குடை இல்லை என்றாள். அந்த இரவுக்குப் பிறகு, தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன், தெரிந்ததை மாற்றிச் சொல்லமாட்டேன் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னாள். போகவில்லை.

"உள்ள வரும்போது பேர் சொன்னேன்ல. அப்ப மட்டும் தம்பி இல்லையா?" என்றாள். மேலாளர் நிமிர்ந்துகொண்டார்.

இந்த ஒலி எங்கெங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். பழக்கடை, மருந்துக்கடை, இரண்டாவது சந்து, மாத்திரை டப்பா வைத்திருக்கிற மேசை. பொத்தானை அழுத்தினாள். "எழுபத்தோராவது நிமிடம்." 'ஓன் கோல்' என்றுதான் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாயில் வந்தது வேறு. "சேம் சைடு கோல். மூன்றாம் எண், குச்சி."

நாலேகால் வண்டியைச் சொல்கிற அதே குரல். கூட்டத்தில் சிரிப்பு ஓர் அலை அடித்து ஓய்ந்தது. யாரோ ஒருவன், "போய்க் குழாய் மாட்டுடா," என்று கத்தினான். அது நன்றாகவே கேட்டது. பொத்தானை அணைத்துவிட்டு, கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

குச்சி முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றிருந்தான். அறிவிப்பைக் கேட்டு நிமிர்ந்தான். மேலே தகரக் கூரைப் பக்கம் பார்த்தான். அவன் முகம் அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. பிறகு வலைக்குள் நடந்து போனான். கோல்கீப்பர் எடுத்து வீசட்டும் என்று விடாமல், பந்தைத் தானே எடுத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, மைதானத்தின் நடுவட்டம் வரைக்கும் நடந்து கொண்டுபோய் வைத்தான். ஐயாயிரம் பேர் பார்க்க அந்த நடை ரொம்ப நீளமாக இருந்தது.

மீதி நிமிடங்களில் அவன் ஒளியவில்லை. தவறு செய்தவர்கள் பந்து தன்னிடம் வராத இடமாகப் பார்த்து நிற்பார்கள். இவன் கையை உயர்த்திப் பந்தைக் கேட்டுக்கொண்டே இருந்தான். எண்பத்துநான்காவது நிமிடத்தில், காலியாகக் கிடந்த கோலை நோக்கி அந்தக் குட்டைக்காரன் அடித்த பந்துக்குக் குறுக்கே விழுந்து விலாவில் வாங்கினான். மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எழுந்து உதறிக்கொண்டு ஓடினான். தடுத்ததை அறிவிக்கும் வழக்கம் எந்த விளையாட்டிலும் இல்லை. அவள் மைக்கின் முன் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றுக்குப் பூஜ்யம். புதிய கிளப் தன் முதல் ஆட்டத்தில் தோற்றது. அடுத்த ஆட்டத்தின் தேதியையும், எந்த வாசல் வழியாக எந்தப் பக்கத்தவர் வெளியேறவேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு, மின்விசிறியை நிறுத்தினாள். "அடுத்த சனிக்கிழமையும் நீங்கதான் மேடம்," என்றார் மேலாளர்.

கீழே இறங்கி வந்தபோது இரண்டாம் வாசலில் காவலாளி யாருடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெளியே போகிற கூட்டத்துக்கு எதிராக உள்ளே வரப் பார்த்தது அப்பா. வீட்டில் போடுகிற ரப்பர் செருப்போடு வந்திருந்தார். நுழைவுச் சீட்டைக் கையில் பிடித்திருந்தார்.

"ஐயா, மேட்ச் முடிஞ்சிடுச்சு," என்றார் காவலாளி.

"முடிஞ்சதுனாலதான் வந்திருக்கேன்."

அவள் கிளப் கொடுத்த அடையாள அட்டையைக் காட்டி அவரை உள்ளே அழைத்து வந்தாள். வேகமாக நடந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல், "அதுக்கப்புறம் எப்படி ஆடினான்?" என்றார்.

"முன்னைவிட நல்லா."

"ம்."

மற்றவர்கள் உடைமாற்றும் அறைக்குப் போயிருந்தார்கள். குச்சி மட்டும் கடைசிப் படியில் உட்கார்ந்து, வலது மணிக்கட்டில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, இடது கையால் பூட்ஸின் நாடாவோடு போராடிக்கொண்டிருந்தான். இவர்கள் வருவதைக் கண்டு எழப் பார்த்தான். அப்பா இரண்டடி தள்ளி நின்றார். பார்வை மட்டும் ஐஸ் பையில் இருந்தது.

"கையில என்னன்னு கேளு அவனை," என்றார்.

அவள் கேட்கவில்லை. கையிலிருந்த பட்டியல் காகிதத்தை நான்காக மடித்தாள். தேவையே இல்லாமல் எட்டாகவும் மடித்தாள். காலி இருக்கைகளுக்கு அடியில் யாரோ குப்பை கூட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் எங்கோ பார்த்தாள்.

"பிசகிடுச்சு," என்றான் குச்சி, புல்லைப் பார்த்தபடி. "எலும்புக்கு ஒண்ணும் இல்லையாம்."

அப்பா படியோரக் கைப்பிடிக் கம்பியைப் பற்றி, ஒவ்வொரு மூட்டாக மடக்கி, அவனுக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்தார். அவனுடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஈரத்தில் ஊறி இறுகிய நாடா கல்லாக இருந்தது. துருப்பிடித்த மரைகளோடு முப்பத்தெட்டு வருடம் பழகிய விரல்கள் முடிச்சைச் சுற்றிச் சுற்றித் தடவி, எந்தப் பக்கம் தளரும் என்று தேடின.

"விடுங்கப்பா. கத்தரி வாங்கி வெட்டிக்கலாம்."

"காலை ஆட்டாத."

மைதானத்தில் தண்ணீர்த் தெளிப்பான்களைத் திறந்துவிட்டார்கள். நடுவட்டத்திலிருந்து ஆரம்பித்த தாரை சுற்றிக்கொண்டே வந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசிப் படியை நெருங்கியது. அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பூட்ஸிலிருந்து சேறு கட்டி கட்டியாக உதிர்ந்து அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது.