மீன்தொட்டியில் விழுந்த மங்கலக் காசு

சம்பந்தி வீட்டார் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும் எர்கெபுலான் மீன்தொட்டியின் கண்ணாடியைக் கடைசியாக ஒருமுறை துடைத்தார். கடலே எட்டாத அல்மாட்டி நகரத்தில் எத்தனை பேர் வீட்டுக் கூடத்தில் கடல் இருக்கிறது? அவர் வீட்டில் இருந்தது. பவளங்கள் விரிந்து ஆடின. கோமாளி மீன்கள் ஒன்றையொன்று துரத்தின. பாறை இடுக்கில் ஒரு சிவப்பு இறால் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் மகள் மெருவெர்ட் கல்லூரிக் காலத்திலிருந்து கண்ணும் கருத்துமாக வளர்த்தவை. பெருமை மட்டும் அப்பாவுடையது.

"தொட்டி மூடிய மட்டும் எடுத்துடாதீங்கப்பா" என்று அவள் காலையிலேயே சொல்லியிருந்தாள். மூடி இருந்தால் பளபளப்புத் தெரியுமா? எடுத்துவிட்டார். பால்கனியில் மாற்றுத் தண்ணீருக்காக அவள் உப்புக் கரைத்து வைத்திருந்த பீப்பாயும் அவர் கண்ணை உறுத்தியது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, பீப்பாயை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தார். நகரத்திலேயே பெரிய கல்யாண மண்டபத்தைப் பேசி வைத்தவரும் இதே மனிதர்தான். "எதுக்குப்பா கடன் வாங்கி? சின்னதா செஞ்சா போதும்னு நாங்க ரெண்டு பேரும் சொல்றோமே?" என்று மகள் கேட்டபோது, "ஊர் பார்க்க வேண்டாமா?" என்றார்.

அன்று கல்யாணத்தை நிச்சயித்துப் பெண்ணுக்குக் கம்மல் போடும் சடங்கு. மாப்பிள்ளையின் அம்மா மெருவெர்ட்டின் காதில் வெள்ளிக் கம்மலை மாட்டியதுதான் தாமதம், அத்தை குல்பாஷ் குலவையிட்டபடி மங்கலத்துக்காக மிட்டாயும் காசும் கலந்து இரண்டு கையாலும் வாரி இறைத்தாள். கொஞ்சமா இறைத்தாள்! பாதி விருந்தாளிகள் மேல் விழுந்தது. மீதி, பொளக் பொளக்கென்று தொட்டிக்குள்.

"கடலுக்கும் யோகம்தான்!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

"ஐயோ அத்தை! காசுல செம்பு இருக்கு! இறாலுக்கு அது விஷம்!"

மெருவெர்ட் பாய்ந்தாள். பட்டுச்சட்டையோடு தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மாப்பிள்ளை அல்தாய் புதுக் கோட்டைக் கழற்றி வீசிவிட்டு மறுபக்கம் துழாவினான். காசுகள் வந்தன. மிட்டாய்கள் அதற்குள் கரையத் தொடங்கியிருந்தன. பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்க, இறால் பக்கவாட்டில் சாய்ந்தது. அவளுக்குக் கண் கலங்கியது.

"அப்பா, பால்கனித் தண்ணிய எடுத்துட்டு வாங்க! சீக்கிரம்!"

எர்கெபுலான் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கொட்டிட்டேம்மா. பீப்பா பார்க்க நல்லால்லன்னு..."

திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை. வடிகட்டிக்குள் விஷத்தை உறிஞ்சும் கரிப்பையைத் திணித்தாள். சுத்த நீர்க் கேன்கள் வந்தன, உப்புப் பை பிரிந்தது, பீப்பாய் நடுக்கூடத்துக்கே வந்தது. "நல்லா கரையணும். தொட்டியில இருக்கிற சூட்டுக்கு வரணும்."

"குடும்மா இங்க. குதிரைப்பால் கடைஞ்சு கடைஞ்சு காப்புக் காய்ச்ச கை இது!" சம்பந்தி பைமுரத் அவள் கலக்க எடுத்த பிளாஸ்டிக் குழாயைப் பிடுங்கிக் கலக்கத் தொடங்கினார்.

"மெதுவா சம்பந்தி, வெண்ணெய் வந்துடப் போகுது!" என்றாள் குல்பாஷ், தன்னால் இப்படி ஆனதே என்ற அழுகைக்கு நடுவிலேயே.

அல்தாய் பழைய தண்ணீரை உறிஞ்சி வாளியில் விட, அவன் அம்மா வாளியைச் சுமக்க, மெருவெர்ட் உப்பளவைப் பார்த்துப் பார்த்துப் புதுத் தண்ணீரை ஊற்றினாள். மேசையில் இறைச்சி ஆறிப் போயிற்று. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரம். "அசையுது! அசையுது!" என்று கத்தினான் அல்தாய். இறால் நிமிர்ந்து மீசையை நீட்டியது. ஓரத்துப் பவளம் ஒன்று மெல்ல விரிந்தது. வீடே கைதட்டியது. மகிழ்ச்சி தாங்காமல் குல்பாஷ் மறுபடியும் மிட்டாய்த் தட்டில் கைவைக்க, "மூடி!" என்று எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள். எர்கெபுலான்தான் ஓடிப்போய் மூடினார்.

மூடியின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. "சம்பந்தி, அந்தப் பெரிய மண்டபம் வேண்டாம். பிள்ளைங்க கேட்ட மாதிரி சின்னதாவே செஞ்சுடலாமா?"

"அட, இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? உங்களுக்கு ஈடு குடுக்கணும்னு பாதி மந்தைய விக்க ஆள் பேசிட்டேன்யா!"

சிரிப்பு அடங்கியதும் எர்கெபுலான் மகளின் ஈரத் தோளைத் தடவினார்.

"மூடிய எடுத்தவனும் நான்தான், தண்ணிய கொட்டினவனும் நான்தான். பார்க்கிறவங்களுக்காகவே வாழ ஆரம்பிச்சா, வீட்டுக்குள்ள இருக்கிற உயிருதாம்மா முதல்ல வாடுது."