கைக்கு விடுப்பு, கடிகாரத்துக்கு இல்லை

1

ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நான் விழித்ததில் பிறந்தது இந்தக் கதை. கடிகாரக் கடைப் பெண் கேட்டாள்: "உங்க கடிகாரத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை சுத்து வேணும்?"

நாற்பது தாண்டி எழுத்துப் படித்தவன் நான். வாயில் பதில் வராவிட்டால் எழுதிப் பார்க்கிற கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தொடக்கம் மூன்று எழுதினேன். "செங்கதிரோன் தன் கிரணங்களை" என்று ஒன்று. எங்கள் கிடங்குக்குள் கதிரோன் வருவதில்லை, மேலே தகரம். "காலம் என்பது" என்று இன்னொன்று. அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை. மூன்றாவதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டவள், "யாருக்கு என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லுங்க" என்றாள்.

சொல்கிறேன்.

2

எனக்கு ஆனது தோள்பட்டை. இரண்டு மாதம் மூட்டையைத் தொடக்கூடாது, உடம்பை அலட்டாமல் உட்கார் என்று டாக்டர் இடது கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டி அனுப்பிவிட்டார்.

கிடங்கில் நாங்கள் ஐந்து பேர் ஒரு செட். ஒரு வருடம் ஒரு மூட்டைகூடக் கிழியாமல் இறக்கியதற்கு முதலாளி ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். ஐந்து பேருக்கு ஒன்று. ஆளுக்கொரு வாரம் என்று முறை வைத்துக்கொண்டோம். அதில் பேட்டரி இல்லை. திருகைத் திருகினால் முள் நகரும், சாவி ஏறாது. உள்ளே அரை நிலா மாதிரி ஒரு எடை; கை ஆட ஆட அது சுழன்று தனக்குத் தானே சாவி கொடுத்துக்கொள்ளும். ஒன்றரை நாள் சும்மா கிடந்தால் நின்றுவிடும்.

மேஸ்திரி அன்றே ஒரு சட்டம் போட்டார்: யார் கையில் நிற்கிறதோ அவன் செட்டை விட்டு விலக வேண்டும். எல்லோரும் சிரித்தோம். மூட்டை தூக்குகிறவன் கையில் கடிகாரம் நிற்குமா? மூன்று வருடம் நிற்கவில்லை. இப்போது என் முறை வந்தது, கை தொட்டிலில் கிடக்கிறது.

(முறையை விட்டுக்கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். கொடுத்தால், இனி என்னால் ஆகாது என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அந்த ஐந்தாவது இடம்தான் எனக்கு இருக்கிற ஒரே இடம்.)

3

இந்தப் பகுதியில் நான் அழகாக வருந்துவதாக இருந்தது. "என் உள்ளம் சுக்குநூறாக" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். உண்மையில் அந்த வாரம் நான் சிரித்த சிரிப்பு அதிகம்.

வலது கையில் கட்டி, உட்கார்ந்தபடி ஆட்டிப் பார்த்தேன். தெருவில் போனவர்கள் கூப்பிடுகிறேன் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டார்கள். மேசை விசிறியின் கழுத்தில் கட்டினேன். அது அரை நாள் "இல்லை, இல்லை" என்று தலையாட்டியது. சாவி ஏறவே இல்லை. கடைசியில் மனைவி தன் கையில் கட்டிக்கொண்டு இஸ்திரி போட்டாள். கடிகாரம் குதிரையாக ஓடியது.

"அப்ப என்னை ஆறாவது ஆளா சேர்த்துக்கச் சொல்லுங்க" என்றாள்.*

ஆனால் சாயங்காலம் கடிகாரக் கண்ணாடிக்குள் இஸ்திரி ஆவி படிந்துவிட்டது. கழற்றிக் கொடுத்தாள், மனசில்லாமல்.

* கதையை இந்த இடத்திலேயே முடிக்கலாம் என்று இன்னமும் சொல்கிறாள்.

4

கடைக்காரப் பெண் மூன்று வைண்டர்களை எடுத்து வைத்தாள். கடிகாரத்தை மாட்டி வைத்தால் கைக்குப் பதிலாக அது சுற்றும். ஒன்று ஒரே பக்கம் சுற்றுவது, தறி போலச் சத்தம். இன்னொன்று நாலு கடிகாரம் வைக்கிற கண்ணாடிப் பெட்டி, நாலு வீடு கட்டி ஒருவன் குடியிருக்கிற மாதிரி. மூன்றாவது சின்னது, இரண்டு பக்கமும் சுற்றும், மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் அந்த எத்தனை சுற்றுக் கேள்வி.

விழித்தேன். பிறகு, நாள் முழுக்க நாங்கள் மூட்டை இறக்குகிற மாதிரி சுற்றினால் போதும் என்றேன். அவள் ஒரு அட்டையைப் பார்த்து, அறுநூற்றைம்பது, இரண்டு பக்கமும் என்றாள். கொஞ்சம் சுற்றி, கொஞ்சம் ஓய்வெடுத்து, மறுபடி சுற்றுமாம். எங்கள் கிடங்கில் அந்த நடைமுறை இல்லை என்றேன். விசிறிக் கதையைச் சொன்னதும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படுக்கவைத்துத் திருப்பினால் எடை நகராதாம், நிற்கவைத்துச் சுற்ற வேண்டுமாம்.

சின்னதைத் தொட்டேன். அதற்குள் அவள் என் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, மூடியில் இருந்த கீறலைத் தடவினாள்.

"ஐயா, இதே கடிகாரத்தோட வர்ற மூணாவது ஆள் நீங்க."

ஒருவர் கதவு உயரமாம், பேச்சு அதற்கு மேல் உயரமாம். கண்ணாடிப் பெட்டியை வாங்கிப் போனாராம். இன்னொருவர் யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். அவர் யார் என்று அவள் சொல்லவில்லை. அது எனக்கும் பிடித்திருந்தது.

5

கதவு உயரம் என்றால் எங்கள் செட்டில் யானை என்று நாங்கள் கூப்பிடுகிறவன் மட்டும்தான். இந்தப் பாத்திரத்தை நானே நம்பவில்லை. இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குகிறவனுக்கு வைண்டர் எதற்கு? அடித்துவிட்டு வேறு ஆளை எழுதினேன். அந்த ஆள் நடக்கவே மறுத்துவிட்டான். சரி என்று, கடையில் எதையும் வாங்காமல், நேராக யானை வீட்டுக்குப் போனேன்.

அலமாரி மேல் கண்ணாடிப் பெட்டி. நாலு இடமும் காலியாக, சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"எதுக்குடா ஓடுது?"

"நின்னா பழுதாயிடுமோன்னு பயம்ணே."

பிறகு சொன்னான். போன மாதம், நான் லீவில் போன பிறகு, அவனை மூட்டை தூக்குகிற இயந்திர வண்டியில் உட்காரவைத்துவிட்டார்கள். நாள் முழுக்க லீவரைப் பிடித்தபடி இருப்பு. சாயங்காலம் பார்த்தால் கடிகாரம் கால் மணி நேரம் பின்னால். அந்தப் பயத்தில் கடைக்கு ஓடியிருக்கிறான். இத்தனை பெரிய பெட்டி ஏன் என்றேன். சின்னதை வாங்கினால் கடைக்காரி தன்னை என்ன நினைப்பாள் என்றான். இருவரும் சிரித்த சிரிப்பில் என் தொட்டில் அவிழ்ந்துவிட்டது. அவனே முடிச்சுப் போட்டுவிட்டு, பெட்டியையும் என் வீடு வரை தூக்கி வந்தான். ஒரு கையால்.

6

முடிவு ஒன்று: வாயை மூடிக்கொள்கிறேன், யாருக்கும் தெரியாது. முடிவு இரண்டு: கடிகாரத்தை நிற்கவிட்டு, உண்மையைச் சொல்லி விலகுகிறேன், வாசகர் கண்ணீர் விடுகி

(விடவேண்டாம். இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.)

இன்று ஞாயிறு, மத்தியானம். கடிகாரம் யானையின் பெட்டியில் ஜம்மென்று ஓடுகிறது. நாளைக் காலை அதை மேஸ்திரியிடம் ஒப்படைக்க வேண்டும். பெட்டியை ஒரு மூட்டை மேல் வைத்துவிட்டு, இந்தத் தாளை உரக்க வாசிக்கப்போகிறேன். வெளி வாசகர்கள் மன்னிக்கவும். உங்களுக்குச் சிரிக்க அனுமதி உண்டு, தீர்ப்புச் சொல்ல இல்லை. இது செட்டுக்கு எழுதிய கதை.

ஆகவே, என் நான்கு பேரே: என் கை ஓட்டவில்லை, பெட்டி ஓட்டியது. சட்டப்படி நான் வெளியே என்றால் யானையும் வெளியே. அவன் இப்போது உங்கள் நடுவில் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பான். மிச்சம் மூன்று பேர். அந்த மூன்று பேரில் ஒருவர் வீட்டில் இன்னொரு பெட்டி இருக்கிறது. யார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டாம்.

வாசிப்பது இந்த வரியோடு முடிகிறது. நான் தாளிலிருந்து தலையை எடுக்கமாட்டேன். உங்களில் யாராவது முதலில் சிரிக்கும்வரை.