மூன்று எண்ணும் நேரம்

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் எங்கள் கூடத்தில் ஒரு பெரிய இஸ்திரி உருளை உண்டு. ஒன்பது வருஷம் அது என் மெஷின். அதன் குணம் எனக்கு மட்டும்தான் தெரியும். நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். பிறகு ஒரு உதறு உதறி அரைச் சுற்று சுற்றும். மூன்று எண்ணிய பிறகுதான் கை வைக்க வேண்டும். இதெல்லாம் எந்தத் தாளிலும் கிடையாது. எங்கள் கூடத்தில் அவரவர் மெஷினின் சூட்சுமத்தை அவரவர் மடியில் முடிந்து வைத்திருப்போம். பிடித்தவளுக்குத்தான் அவிழ்ப்போம்.

சோடாபுட்டி எனக்குப் பிடித்தவள்தான். கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். கறை எடுப்பதிலிருந்து எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. ஒரு நாள் சூப்பர்வைசர் என்னை மடிக்கும் மேஜைக்குத் தள்ளிவிட்டு உருளையில் அவளை நிறுத்தினார். வயிறு எரிந்தது, மறைப்பானேன்? அவரிடம் சண்டை போட வக்கில்லாமல் இவளிடம் பேச்சை நிறுத்தினேன்.

முதல் நாளே வந்து கேட்டாள்.

"அக்கா, இதுல ஏதாவது பாத்து நடந்துக்கணுமா?"

"உன்னக் கொண்டாந்து நிறுத்தினாரே மகராசன், அவர்கிட்டயே கேளு."

"அவருக்கு என்னக்கா தெரியும்?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? போடி."

சிரித்துக்கொண்டே போனாள், கழுதை. இரண்டு நாளில் கோபம் ஆறிவிடும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களோடு அவள் கலகலவென்று பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

பதினோராம் நாள் ஒரு விரிப்பு சிக்கியது. பொத்தானை அழுத்தினாள். உருளை நின்றது. அவள் கையை நீட்டுவதை மேஜையிலிருந்தே பார்த்தேன். "கைய எடுடி!" என்று கத்தினேன். வலது கையில் நான்கு விரல் போய்விட்டது.

மேலிடத்திலிருந்து வந்தவர்கள், மெஷினில் கோளாறு இருந்தது யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தேன்.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா! என்கிட்டயும் வந்து விசாரிச்சாங்க. உங்க மேல ஏதோ சந்தேகம் போல. அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா, சண்டையா இருந்தாக்கூட ஓடி வந்து சொல்லியிருப்பாங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

அவள் அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினார். வாயை மூடிக்கொண்டு திரும்பியிருந்தால் வேலையாவது மிஞ்சியிருக்கும்.

"தெரியும்டி," என்றேன். "ஒன்பது வருஷமாத் தெரியும்."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்புறம் ஏங்க்கா சொல்லல?"

"என் இடத்துல நீ நின்னியே... அந்தக் கோபம்."

வாய்விட்டுச் சொன்னபோதுதான், இத்தனை அற்ப விஷயமா என்று எனக்கே கூசியது. அவள் அம்மா சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், எனக்காக வாசல் கதவைத் திறந்தார்.