வளையம் வராத தட்டு

1

இந்தக் கதை நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது பிறந்தது. ஒசாகாவில் இத்தனை வருஷமாகப் பல்லைக் கெடுத்துக்கொண்டு வாழ்கிறேன். என் பழைய அடைப்பைத் தோண்டிக்கொண்டே பல் டாக்டரம்மா சொன்னார்: "அடைப்பு நல்லாத்தான் இருக்கு. ஓரத்துல கிருமி பூந்துடுச்சு. அடைக்கிற பசையே கிருமியைக் கொன்னா எப்படி இருக்கும்?"

"ஆ" என்றேன். அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு, தன்னோடு படித்து, அப்படி ஒரு பசையைச் செய்யப் பார்த்த சிகாகேயின் கதையைச் சொல்லிவிட்டார். பாதி அவர் சொன்னது, மீதி நான் விட்ட சரடு. எது எது என்று கேட்காதீர்கள்.

2

முதல் வரி: "டிசம்பர் மாதக் குளிர்காற்று ஆராய்ச்சிக்கூடத்தின் சன்னல்களை..." வேண்டாம். குளிர்காற்றுக்கும் சொத்தைப் பல்லுக்கும் என்ன உறவு?

மறுபடி: "சிகாகே தோற்றுப்போனாள்." இது பரவாயில்லை. பொய்தான், ஆனாலும் கதை நகர்கிறது.

மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் அடைப்புப் பசையில் மருந்தைச் சும்மா கலந்தார்கள். அது கசிந்து வெளியே வந்து கிருமியைக் கொன்றது. தட்டில் பரப்பிய கிருமிப் படலத்தின் மேல் அடைப்பு வில்லையை வைத்தால், சுற்றிலும் சுத்தமாக ஒரு வளையம் விழும். எல்லோரும் கைதட்டுவார்கள். கொஞ்ச நாளில் மருந்து தீர்ந்துவிடும், அது கசிந்த இடமெல்லாம் ஓட்டையாகி அடைப்பும் பலமிழக்கும். சிகாகே மருந்தைப் பசையோடு சேர்த்தே பிணைத்தாள். கசியாது, தீராது.

வளையமும் விழவில்லை.

3

அவளுடைய பேராசிரியர் குசாகாவை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.*

"வருஷக் கடைசியோட இந்த வேலையை மூடிடுவோம்மா" என்றார், அவளைவிட வருத்தமாக. "நாயைச் சங்கிலியில கட்டிப் போட்டுட்டு, திருடனைத் துரத்தலையேன்னா எப்படி?"

"திருடன் நம்ம வாசலுக்குத்தானே சென்செய் வருவான்?" என்றாள் சிகாகே. (சென்செய் என்றால் இங்கே வாத்தியார்.)

"வந்தான்ல? கடிச்சதுக்கு அடையாளம் எங்க? வளையம் எங்க?"

அவளும் வளையத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் கண் அங்கேதான் போகும்.

(* வில்லன் மாணவியின் தோல்விக்காகச் சாப்பாட்டைத் தள்ளி வைக்க மாட்டான். இவர் வைத்தார்.)

4

வருஷக் கடைசிப் பெருந்துப்புரவு நாள். ஆராய்ச்சிக்கூடமே தலையில் துண்டு கட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்தால் பக்கத்து அறையில் டாகோயாகி, அதாவது வயிற்றில் ஆக்டோபஸ் துண்டு வைத்த பணியாரம். அதைக் குத்தித் திருப்பிப் போடுகிற ஊசியைச் சிகாகே கையில் பிடித்தால் ஒன்றுகூடக் கருகாது.

"ஏ சிகாகே, அழுது முடிச்சிட்டியா? மாவு காத்துக் கிடக்கு!" என்று கத்தினான் நபெஷிமா, அவளுக்கு மூத்த மாணவன்.

"நீயே ஊத்தித் தொலையேன்!"

"நான் ஊத்தினா அது உருண்டையா வராது, ஒசாகா வரைபடமா வரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோற்ற தட்டுகளைக் கழிவுப் பையில் போட எடுத்தாள். வில்லைகள் வரிசையாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தன. (இங்கே "விதி அவள் கையை" என்று எழுதி அடித்தேன். விதி இல்லை, பழக்கம்.) உருண்டையாக எதையாவது பார்த்தால் ஒசாகாக்காரியின் மணிக்கட்டு சும்மா இருக்காது. இடுக்கி முனையால் ஒரு வில்லையைக் குத்தி, சட்டென்று திருப்பிப் போட்டாள்.

அடியில் சுத்தம். வில்லை தொட்டுக்கொண்டிருந்த இடம் மட்டும், ஒரு கிருமிகூட இல்லாமல், பளிச்சென்று.

பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மருந்தில்லாத வில்லை. அதையும் திருப்பினாள். அடியெல்லாம் மங்கல், கிருமி.

"சென்செய்!" என்று அவள் போட்ட சத்தத்தில் நபெஷிமா மாவுக் கரண்டியைக் கீழே போட்டான்.

5

முடிவு அ: பேராசிரியர் அவளைக் கட்டிப்பிடித்து அழுகிறார். (அடித்துவிட்டேன். இங்கே யாரும் யாரையும் அப்படிக் கட்டிப்பிடிப்பதில்லை.)

முடிவு ஆ: உலகில் சொத்தைப் பல்லே ஒழிகிறது. (டாக்டரம்மா இடுக்கியோடு சிரிக்கிறார்.)

முடிவு இ: குசாகா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். தானே இன்னொரு வில்லையைத் திருப்பினார். அதன் அடியிலும் சுத்தம். "கடிச்சிருக்கே," என்றார் மெதுவாக. "தொட்டவனை மட்டும் கடிச்சிருக்கு. நாமதான் தெருவையே பாத்துக்கிட்டு நின்னோம்." பிறகு தட்டை அவளிடம் நீட்டினார்.

"இன்னொரு தடவை செய்."

"அவ்வளவுதானா சென்செய்?" நபெஷிமாவுக்கு ஏமாற்றம். "ஒரு சபாஷ் கூடக் கிடையாதா?"

சிகாகேயோ துள்ளிக் குதித்தாள். மூடப்போகிற வேலையை யாரும் இன்னொரு தடவை செய்யச் சொல்வதில்லை. எனக்கும் இதை எழுதும்போது எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. குதிக்கவும் செய்தேன், கீழ்வீட்டுக்காரர் மன்னிக்கட்டும்.

6

அந்த இன்னொரு தடவை என்ன ஆயிற்று என்று டாக்டரம்மா சொல்வதற்குள் என் வேலை முடிந்து, "கொப்பளிங்க" என்றுவிட்டார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

புதுத் தட்டு உங்கள் முன்னால் இருக்கிறது. பின்னால் சிகாகே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வளையம் இல்லை, பயப்படாதீர்கள். திருப்புங்கள்.