ஆர்ஜியா ஆடிய போல்கா

இத்தாலியின் ரொமாஞ்ஞா நாட்டுப்புறத்தின் மக்கள் மன்றத்தில் ஞாயிறு பிற்பகல் என்றால் நடனம். ஆனால் 1983 மே மாதத்து அந்த ஞாயிறன்று தொடங்கியது நடனமன்று, வழக்கு! குற்றவாளியாக மேடையில் நின்றது சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டி. அதன் பின்னால் நின்றாள் நீவெஸ். இசைக் கீபோர்டுத் தொழிற்சாலையில் கம்பிகளைப் பற்றவைக்கும் வேலை பார்ப்பவள். தன் கைபட உருவான கருவியை ஒரு நாள் இரவலாக வாங்கி வந்திருந்தாள். மன்றத்தார் கை தூக்கி இசைந்தால் இனி வாரந்தோறும் அவள் வாசிப்பாள். மறுத்தால், மேடையில் பெண்ணுக்குப் பாட்டு மட்டுமே, கருவியெல்லாம் ஆணுக்கே என்ற பழைய அநீதி பிழைத்துக்கொள்ளும்.

மன்றத் தலைவர் லெயார்கோ எழுந்தார். அங்கே வாரந்தோறும் வாசித்துவந்த அக்கார்டியன் குழுவின் டிரம்காரரும் அவரே.

"தோழர்களே, இந்தப் பொட்டி டிரம்மையும் தானே அடிக்குமாம்! ஏம்மா நீவெஸ், அடுத்த வாரம் ஆடுறதுக்கும் ஒரு பொட்டி கொண்டாருவியா?"

மன்றம் சிரித்தது.

"ஆட ஆளு இருக்காங்க தலைவரே. மொதல்ல கேளுங்க, அப்புறம் கை தூக்குங்க."

"நமக்குத் தெரிஞ்சது வால்ட்ஸ், மசுர்கா, போல்கா. இந்தப் பொட்டியோட இரைச்சலுக்குக் காலை எங்கய்யா வைக்கிறது?" என்றார் சுவரோரத்து முதியவர் ஒருவர்.

நீவெஸ் விசையை அழுத்தினாள். அதிர்ந்தது தரை! அடிக்கு அடி, சலியாத இதயம்போல் ஒலித்தது தாளம். அதன்மேல் மின்னலாய் இறங்கியது மெட்டு. இளைஞர்கள் வெள்ளமெனப் பாய்ந்தார்கள். ஆனால் வாக்குகள் சுவரோரம் அமர்ந்திருந்த மூத்தோரிடம் அல்லவா இருந்தன? அவர்கள் மதுக்கிண்ணத்தைக்கூட அசைக்கவில்லை.

நீவெஸ் சுவரோரமாகக் கண்ணை ஓட்டினாள். அப்போதுதான் நாற்காலிக்கடியில் ஒரு கால் துடிப்பதைக் கண்டாள். லெயார்கோவின் மனைவி ஆர்ஜியாவின் கால். அது போட்டது போல்கா! ஆனால் கருவியின் தாளம் அதற்குச் சற்றே பின்தங்கியது. நீவெஸ் வேகத் திருகைத் தொட்டாள். இம்மி இம்மியாகக் கூட்டினாள். காலும் கருவியும் ஒன்றாயின.

ஆர்ஜியா எழுந்தாள். நேரே கணவரிடம் போனாள்.

"வாய்யா!"

"எனக்கா? நான் டிரம்காரன்டி!"

"இருபது வருசமா நீ அடிச்சே, நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னிக்குத்தான் உன் கை சும்மா இருக்கு. வர்றியா, இல்ல பேக்கரிக்காரனைக் கூப்பிடவா?"

லெயார்கோ வந்தார். முதல் சுற்றில் தடுமாறினார். இரண்டாம் சுற்றில் பறந்தார்! சுவரோரம் வெறுமையாயிற்று. பதினெட்டும் எழுபதும் தோளோடு தோள் இடித்தன.

"தலைவரே, ஓட்டெடுப்பு?" என்று மேடையிலிருந்து கத்தினாள் நீவெஸ்.

"என் ரெண்டு கையும் இவ இடுப்புல மாட்டியிருக்கு, தெரியலையா? எந்தக் கையைத் தூக்குறது? நிறுத்தாம வாசிம்மா!"