புதன்கிழமை கடிகாரம் எங்கே இருந்தது

மலையுச்சி நிலையத்தில் நாலு நாள் வைத்திருந்த அணுக்கடிகாரத்தை வெள்ளிக்கிழமை பெர்ன் ஆய்வுக்கூடத்துக்கு இறக்கிக் கொண்டுவந்து, கீழேயே இருந்த இன்னொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டாள் ரெகுலா. உயரத்தில் பூமியின் இழுப்பு கொஞ்சம் குறைவு. அதனால் அங்கே காலம் ஒரு மயிரிழை வேகமாக ஓடும். நாளுக்கு இருபத்தேழு நானோ நொடி. நாலு நாளுக்கு நூற்றெட்டு முந்தியிருக்க வேண்டும். எண்பத்தொன்றுதான் முந்தியிருந்தது.

வேகமாக நகர்கிற கடிகாரத்திலும் காலம் பின்தங்கும்தான். ஆனால் அதை ஏற்றிவந்த மலை ரயில் ஊர்கிற வேகத்துக்கு அது பொருட்டே இல்லை. கேபிளை மாற்றினாள், பேட்டரியைச் சோதித்தாள். சாயங்காலம்தான் உறைத்தது: குறைவது இருபத்தேழு. சரியாக ஒரு நாள்.

நிலையக் காவலர் ஆலோயிஸ் வார இறுதிக்கு மலையடிவார ஊரான இன்டர்லாகனில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்திருந்தார். போன் போட்டாள்.

“ஆலோயிஸ், நாலு நாளும் கடிகாரப் பெட்டி மேலயேதான் இருந்துச்சா?”



“இல்லைங்க டாக்டர். புதன்கிழமை இங்க எங்க வீட்டுச் சமையலறையில இருந்துச்சு. என் வீட்டுக்காரி மார்லிஸுக்கு இடுப்பு ஆபரேஷன், அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பினாங்க. லீவு போட்டேன். பெட்டிய ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களே, அதான் கையோட தூக்கிட்டு வந்துட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நிக்காமதானே ஓடுச்சு, வித்தியாசம் தெரியாதுன்னு நினைச்சேன்.”

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. “நாள் பூரா என்னை விட்டுட்டு அந்தப் பெட்டியத்தான் எட்டி எட்டிப் பார்த்தீங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.”

ரெகுலாவுக்குக் கோபம் நிலைக்கவில்லை. ஆலோயிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“அப்ப புதன்கிழமை எனக்கும் காலம் மெதுவாத்தான் போச்சா?”

“ஆமா. இருபத்தேழு நானோ நொடி.”

“பத்தாதுங்க,” என்றார்.

போனை வைத்தபின் ஒரு தாளில் போட்டுப் பார்த்தாள். பதினொரு வருஷமாக அவர் மேலே, மனைவி கீழே. லீவு நாட்களைக் கழிக்காவிட்டாலும், அவர் மனைவியைவிடக் கூடுதலாக மூப்படைந்தது ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த வருஷங்களில் அவர்கள் சேர்ந்து சாப்பிட்ட வேளைகள் எத்தனை என்பது எந்தக் கடிகாரத்திலும் இல்லை.

திங்கட்கிழமை மேலதிகாரி அந்த அளவீட்டைத் தள்ளிவிடச் சொன்னார். “தள்ள மாட்டேன். ஒரு நாள் கீழ இருந்ததை அது தானாவே காட்டிக் கொடுத்திருக்கு. இதைவிட நல்ல அளவீடு நமக்குக் கிடைக்காது,” என்றாள் ரெகுலா. அறிக்கையில் புதன்கிழமைக்கு நேராக எழுதினாள்: காவலர் வீட்டுச் சமையலறை, உயரம் 570 மீட்டர்.